குவார்க் கடலில் ஒரு மாசு

புரோட்டான், நியூட்ரானின் உட்கூறுகள் குவார்க்குகள்; அவற்றைக் கட்டிவைப்பது வலுவிசை. அடர்த்தியைக் கூட்டிக்கொண்டே போனால் அந்த வலுவிசை தளர்ந்துவிடும் என்று துகள் இயற்பியல் பாடங்களில் ஒரு வரி வரும். 1973-இல் டேவிட் கிராஸும் ஃபிராங்க் வில்செக்கும் ஒரு பக்கம், டேவிட் பொலிட்சர் இன்னொரு பக்கம் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தது இது. 2004-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. குவார்க்குகள் நெருங்க நெருங்க அவற்றுக்கிடையே இருக்கும் இழுப்பு குறைகிறது. அதனால் அணுக்கருவைப் பல மடங்கு நசுக்கினால் புரோட்டான், நியூட்ரான் என்ற தனித்தனி அடையாளங்கள் அழிந்து, குவார்க்குகள் ஏறத்தாழச் சுதந்திரமாகத் திரியும் ஒரு கடல் உண்டாகும் என்று எதிர்பார்க்கிறார்கள். அதுதான் அடர் குவார்க் பொருண்மை.

இதெல்லாம் சரிதான். ஆனால் இது பாதி உண்மை என்பதுதான் என் வாதம். அந்தக் கடலில் ஒரே ஒரு கனமான குவார்க்கைப் போட்டுவிட்டு வெப்பநிலையைக் குறைத்துக்கொண்டே வந்தால், தொடக்கத்தில் எவ்வளவு தளர்ந்த விசையாக இருந்தாலும், அந்த ஒற்றைக் குவார்க்கைச் சுற்றி அது மறுபடியும் வலுக்க ஆரம்பிக்கும். கடலைத் தனியாகப் பார்த்தால் இது கண்ணில் படாது. மாசு ஒன்று விழுந்தால்தான் வெளியே வரும்.

இந்தக் கதை தங்கத்தில் தொடங்குகிறது. 1934-இல் நெதர்லாந்தின் லைடன் ஆய்வகத்தில் டி ஹாஸ், டி போர், வான் டென் பெர்க் மூவரும் தங்கத்தின் மின்தடையை மிகக் குளிர்ந்த நிலையில் அளந்தார்கள். உலோகம் குளிரக் குளிரத் தடை குறையும், கடைசியில் ஒரு மதிப்பில் நின்றுவிடும் என்பதுதான் எதிர்பார்ப்பு. தங்கமோ சில கெல்வின் வரை ஒழுங்காக இறங்கிவிட்டு, அதற்குக் கீழே போனதும் தடையை மெல்ல ஏற்றிக் காட்டியது. மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் இரும்பு போன்ற காந்த அணுக்கள்தான் இதற்குக் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. ஏன் என்பது மட்டும் 30 ஆண்டுகள் யாருக்கும் பிடிபடவில்லை.

1964-இல் ஜப்பானைச் சேர்ந்த ஜுன் கோண்டோ விடை சொன்னார். ஓர் எலக்ட்ரான் காந்த அணுவில் மோதிச் சிதறுவதை ஒரு படி கூடுதல் துல்லியமாகக் கணக்கிட்டால், வெப்பநிலையின் மடக்கை, அதாவது லாகரிதம், விடைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று காட்டினார். வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும்போது அந்த மடக்கை எல்லையில்லாமல் வளரும். உலோக அணுக்களின் ஒழுங்கான அடுக்கு, அதாவது அணிக்கோவை, அதிர்வதால் வரும் தடையோ வெப்பநிலையின் ஐந்தாம் படியாக இறங்கும். ஒன்று இறங்க, இன்னொன்று ஏற, இடையில் ஒரு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளம் விழும் வெப்பநிலை மாசின் அளவுக்கு ஐந்தாம் மூலமாக மாற வேண்டும் என்று இதிலிருந்தே வந்துவிடும்: மாசை 32 மடங்கு கூட்டினால்தான் பள்ளம் 2 மடங்கு வெப்பநிலைக்கு நகரும். சோதனைகளில் பார்த்த போக்கோடு இது பொருந்தியது. ஒரு கணக்கு சரிதானா என்று சோதிக்க இதைவிட அழகான வழி எனக்குத் தெரியாது.

சரி, அந்த மடக்கை எங்கிருந்து வந்தது? இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் குவார்க் கடலில் நடப்பதும் இதேதான். எலக்ட்ரானுக்குப் பதிலாக நேரே குவார்க்கையே வைத்துச் சொல்கிறேன்.

குவார்க்குகளுக்கு நிறம் என்ற பண்பு உண்டு, மூன்று வகை: சிவப்பு, பச்சை, நீலம். கண்ணால் பார்க்கும் நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வலுவிசைக்கான மின்னூட்டம் மாதிரி ஒன்று. வலுவிசையைச் சுமந்துசெல்லும் துகளான குளுவானைப் பரிமாறிக்கொள்ளும்போது இரண்டு குவார்க்குகள் தங்கள் நிறங்களை மாற்றிக்கொள்ளலாம். இப்போது நம் கனமான குவார்க் பச்சையாக ஓர் இடத்தில் அசையாமல் நிற்கிறது. கடலிலிருந்து ஓர் இலகுவான சிவப்புக் குவார்க் வந்து இரண்டு முறை மோதி, கடைசியில் சிவப்பாகவே வெளியேறுகிறது. இது இரண்டு வழிகளில் நடக்கலாம். முதல் வழியில், வந்த சிவப்புக் குவார்க் கனமான குவார்க்கோடு நிறத்தை மாற்றிக்கொண்டு பச்சையாகி, இடையில் ஒரு காலியான ஆற்றல் நிலையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, மறுபடியும் நிறத்தை மாற்றிக்கொண்டு சிவப்பாக வெளியேறும். தடையேதும் இல்லை. இரண்டாம் வழியில் முறை தலைகீழ். கடலுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒரு பச்சைக் குவார்க் முதலில் மோதி, சிவப்பாகி வெளியேற வேண்டும். அது விட்டுப்போன துளையை வந்த குவார்க் பிறகு நிரப்ப வேண்டும். ஆனால் கடல் குவார்க் சிவப்பாக வேண்டுமென்றால் கனமான குவார்க்கிடமிருந்து சிவப்பை வாங்க வேண்டும். அதுவோ பச்சையாக நிற்கிறது. ஆகவே இந்த வழி அடைபட்டுவிட்டது.

இவ்வளவுதான் சூட்சுமம். நிறமே இல்லாத, உள்நிலை எதுவும் இல்லாத ஒரு சாதாரண மாசாக இருந்திருந்தால் இரண்டு வழிகளும் திறந்திருக்கும். அவை ஒவ்வொன்றும் ஒரு மடக்கையைத் தரும், ஆனால் எதிரெதிர்க் குறிகளோடு தருவதால் ஒன்றையொன்று முழுசாக அடித்துவிடும். நிறம் இருக்கும்போது முதலில் எது, பிறகு எது என்ற வரிசை முக்கியமாகிவிடுகிறது, ஒரு வழி அடைபடுகிறது, அடிபட வேண்டிய மடக்கை மிச்சமாக நின்றுவிடுகிறது. கோண்டோவின் காந்த அணுவில் எலக்ட்ரானின் தற்சுழற்சி (ஸ்பின்) மேல், கீழ் என்று மாறுவது செய்த அதே வேலையை இங்கே நிறம் செய்கிறது. மின்காந்த விசை மட்டும் செயல்பட்டால் இது நடக்காது, ஏனென்றால் மின்னூட்டம் வெறும் எண், அதில் வரிசைக்கு வேலையில்லை.

அந்த மடக்கையின் பொருளையும் சொல்லிவிடுகிறேன். ஃபெர்மி பரப்பு என்பது நிரம்பிய ஆற்றல் நிலைகளுக்கும் காலியான நிலைகளுக்கும் இடையே உள்ள எல்லை. இடையில் குவார்க் போய்த் தங்கும் காலி நிலை இந்த எல்லைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அவ்வளவு அதிகம் அதன் பங்களிப்பு. கூட்டிப் பார்த்தால் 100 அலகிலிருந்து 10 வரை உள்ள ஆற்றல் பட்டை எவ்வளவு தருகிறதோ, 10-லிருந்து 1 வரை உள்ள பட்டையும், 1-லிருந்து 0.1 வரை உள்ள பட்டையும் அதே அளவு தருகின்றன. இப்படிக் கீழே போய்க்கொண்டே இருக்கலாம். வெப்பநிலைதான் ஓர் இடத்தில் நிறுத்தி வைக்கிறது. குளிரக் குளிர நிறுத்தும் இடம் கீழே இறங்கும், கூட்டுத்தொகை ஏறும், ஒரு கட்டத்தில் சிறிய திருத்தம் என்று நினைத்தது மூலக் கணக்கின் அளவுக்கே வந்து நிற்கும். அந்த இடத்துக்குக் கோண்டோ அளவு என்று பெயர். அதற்குக் கீழே படிப்படியாகக் கணக்கிடும் முறை செல்லாது.

தங்கத்தின் கதையில் அந்தக் கட்டத்தைத் தாண்டப் பெரிய ஆட்கள் வர வேண்டியிருந்தது. 1970-இல் ஃபிலிப் ஆண்டர்சன், ஆற்றல் அளவைக் குறைக்கும்போது இணைப்பு வலிமை, அதாவது மாசும் எலக்ட்ரானும் ஒன்றையொன்று பாதிக்கும் வலிமை, எப்படி வளர்கிறது என்று காட்டினார். 1975-இல் கென்னத் வில்சன் அதை எண்முறையில் கடைசி வரை தீர்த்தார்: மாசின் தற்சுழற்சியைச் சுற்றி எலக்ட்ரான்கள் திரண்டு, அதை முழுமையாக மறைத்துவிடுகின்றன. 1980-இல் ஆந்த்ரேயும் வீக்மானும் தனித்தனியாகத் துல்லியமான தீர்வே கண்டுபிடித்தார்கள். கவனியுங்கள், ஆண்டர்சன் எழுதியது 1973-க்கு முன்பு. உயர்ந்த ஆற்றலில் தளர்ச்சி, தாழ்ந்த ஆற்றலில் இறுக்கம் என்ற போக்கு குவார்க்குகளில் தெரிவதற்கு முன்பே உலோகத்தில் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் குவார்க் இயற்பியலை விளக்க ஆசிரியர்கள் கோண்டோவை எளிய மாதிரியாக எடுத்துக் காட்டிவந்தார்கள். அந்த மாதிரி குவார்க் கடலுக்குள்ளேயே நடக்கக்கூடும் என்று யாராவது உட்கார்ந்து கணக்கிட இவ்வளவு காலம் ஆனது எனக்கு இன்னும் வியப்புதான்.

2013-இல் ஷிகேஹிரோ யாசுயியும் கஸுதாகா சுதோவும் அந்தக் கேள்வியை எடுத்தார்கள். 2015-இல் கோய்ச்சி ஹத்தோரி, கஸுனோரி இதாகுரா, ஷோ ஓசாகி, யாசுயி நால்வரும் வலுவிசையின் அடிப்படைக் கோட்பாட்டிலிருந்தே தொடங்கிக் கணக்கிட்டுக் காட்டினார்கள். தேவைப்படுவது நான்கே நான்கு: கனமான மாசு, ஃபெர்மி பரப்பு, துளையும் துகளும் வந்துபோகும் குவாண்டம் ஏற்ற இறக்கம், வரிசை மாறினால் விடை மாறும் விசை. நான்கும் குவார்க் கடலில் இயல்பாகவே இருக்கின்றன. உலோகத்தில் கடைசித் தகுதியைக் காந்த அணுதான் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். இங்கே விசையே அப்படிப்பட்டது, எந்தக் கனமான குவார்க்கைப் போட்டாலும் போதும்.

மாசு ஏன் கனமாக இருக்க வேண்டும்? குவார்க்குகளில் ஆறு வகை உண்டு. அப், டவுன் குவார்க்குகளின் நிறை, துகள் இயற்பியலின் ஆற்றல் அலகில், சில மெகா எலக்ட்ரான்வோல்ட், ஸ்ட்ரேஞ்சுக்கு நூறுக்குச் சற்றுக் குறைவு. சார்முக்கு ஏறத்தாழ 1270, பாட்டத்துக்கு ஏறத்தாழ 4180. கடலில் குவார்க்குகளின் ஆற்றல் 400, 500 அளவில் இருக்கும்போது சார்மும் பாட்டமும் மோதலில் பின்வாங்காமல் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கும். எல்லாவற்றையும்விடக் கனமான டாப் குவார்க் உதவாது, பிறந்தவுடனேயே சிதைந்துவிடும். சார்ம், பாட்டம் துகள்களோ ஒரு விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் வாழ்கின்றன. நமக்கு அது ஒன்றுமில்லை, வலுவிசையின் கடிகாரத்தில் அது யுகம். அசையாமல் நிற்பதில் இன்னொரு வசதியும் உண்டு: குளுவான் விசையின் காந்தப் பகுதி ஓடும் துகளைத்தான் வலுவாகப் பிடிக்கும், நிற்கும் துகளிடம் அதன் பிடி மிகவும் குறைவு. மிச்சம் இருப்பது மின்பகுதி மட்டும். அதைக் கடலே திரைபோட்டு மறைத்துக் குறுகிய தூர விசையாக்கிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வெற்றிடத்தில் ஆற்றலைக் குறைத்துக்கொண்டே வந்தால் வலுவிசை தானாகவே வளரும், குளுவான்கள் தங்களுக்குள்ளேயே இழுத்துக்கொள்வதால். அடர்ந்த கடலுக்குள் அந்த வளர்ச்சியை இந்தத் திரை நிறுத்திவிடுகிறது. அதனால்தான் அடர்த்தி கூடினால் எல்லாம் தளர்ந்துவிடும் என்று தைரியமாகச் சொல்கிறோம். ஆனால் திரை நிறுத்திய அதே இடத்திலிருந்து, ஃபெர்மி பரப்பு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால், வேறொரு வளர்ச்சி தொடங்குகிறது. முதல் வளர்ச்சிக்குக் குளுவான்கள் காரணம், இரண்டாவதற்குக் குவார்க்குகளும் துளைகளும் காரணம். நிறங்களின் வரிசை முக்கியம் என்ற ஒரே அடிப்படையிலிருந்துதான் இரண்டும் பிறக்கின்றன. கடல் எவ்வளவு அடர்ந்தாலும் பரப்பு போய்விடாது, ஆகவே இரண்டாவது வளர்ச்சியும் போய்விடாது.

விளைவு என்ன என்று கேட்டால், எளிதாகச் சொல்லக்கூடியது இது. கனமான குவார்க்குகளில் இலகுவான குவார்க்குகள் மேலும் மேலும் சிதறும், மின்தடை ஏறும், பாகுத்தன்மை குறையும். இதை யாசுயியும் ஓசாகியும் கணக்கிட்டிருக்கிறார்கள். இன்னும் குளிர்ந்தால் என்ன ஆகும் என்பது சிக்கலானது. உலோகத்தில் ஒரு மாசின் தற்சுழற்சியை மறைக்க ஒரே வகை எலக்ட்ரான் கூட்டம் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே நிறத்தை மறைக்க அப் குவார்க்கும் வரும், டவுனும் வரும், ஒவ்வொன்றும் இரண்டு தற்சுழற்சி நிலைகளோடு வரும். தேவைக்கு மேல் ஆட்கள் போட்டியிட்டுக்கொண்டு வருவதால் யாரும் ஒழுங்காக முடிக்க முடியாத ஒரு நிலை ஏற்படுகிறது. வழக்கமான உலோகத்தின் விதிகள் அங்கே செல்லாது. யாசுயி, கெய் சுசுகி, இதாகுரா மூவரும் வேறொரு வாசல் வழியாக நுழைந்தார்கள்: கனமான குவார்க்குகள் கடல் முழுக்கப் பரவியிருந்தால், இலகுவான குவார்க்கும் கனமான குவார்க்கும் கலந்து ஒரு புதிய அடிநிலையே, அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலையே, உண்டாகலாம் என்று காட்டினார்கள்.

போட்டி இல்லாமல் இல்லை. குளிர்ந்த குவார்க் கடல் சும்மா இருக்காது, தடையின்றி மின்சாரம் ஓடும் மீகடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்வதைப் போலக் குவார்க்குகள் ஜோடி சேர்ந்து நிற மீகடத்தியாக மாறப் பார்க்கும். ஜோடி சேர்ந்துவிட்டால் பரப்பின் அருகே ஓர் இடைவெளி விழும், கோண்டோவுக்குத் தேவையான தாழ்ந்த ஆற்றல் நிலைகள் காணாமல் போகும். இரண்டில் எது ஜெயிக்கும்? மிக அடர்ந்த எல்லையில் ஜோடி சேர்வதுதான் என்பது என் கருத்து. மீகடத்தியின் இடைவெளி, விசையின் வலிமையைக் குறிக்கும் இணைப்பு எண்ணின் தலைகீழ் மதிப்பை அடுக்கில் வைத்துக்கொண்டு சுருங்குகிறது என்று 1999-இல் டி. டி. சோன் காட்டியிருக்கிறார். கோண்டோ அளவு கிட்டத்தட்ட அந்த எண்ணின் வர்க்கத்தின் தலைகீழ் மதிப்பை வைத்துக்கொண்டு சுருங்குகிறது, அதாவது இன்னும் வேகமாக. ஆனால் இயற்கையில் கிடைக்கக்கூடிய அடர்த்திகளில் இணைப்பு எண் அப்படியொன்றும் சிறியதில்லை, அங்கே இந்த எல்லைவாதம் யாருக்கும் சாதகமாகத் தீர்ப்பு சொல்லாது.

சரி, இதையெல்லாம் எங்கே போய்ப் பார்ப்பது? இதுதான் இந்தத் துறையின் வலி. நியூட்ரான் விண்மீனின் மையம் அணுக்கருவைவிடப் பல மடங்கு அடர்ந்தது. பிறந்து சில ஆண்டுகளில் அது 100 கோடி கெல்வினுக்கும் கீழே இறங்கிவிடும். கேட்கச் சூடாகத் தோன்றும், ஆனால் அது 0.1 மெகா எலக்ட்ரான்வோல்ட்டைக்கூட எட்டாது. குவார்க்குகளின் 400-க்கு முன்னால் அது உறைபனி. குளிர் இருக்கிறது, அடர்த்தி இருக்கிறது, சார்ம் மட்டும் இல்லை. சார்மை உருவாக்க அங்கே ஆற்றல் போதாது. இன்னும் நசுக்கினால் சார்ம் வருமே என்றால், அப்படிப்பட்ட சார்ம் விண்மீன்கள் நிலைக்காது, சிறு அதிர்விலேயே குலைந்துவிடும் என்று 1995-லேயே கெட்னர், வெபர், வைகல், கிளெண்டெனிங் கணக்கிட்டுவிட்டார்கள். மறுபக்கம், அணுக்கருக்களை மோதவிடும் முடுக்கிகளில் சார்ம் உருவாகும். ஆனால் அங்கே வெப்பநிலை லட்சம் கோடி கெல்வினைத் தாண்டும், மடக்கை வளர இடமே இருக்காது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டட்டில் எழும்பிவரும் ஃபேர், ரஷ்யாவின் தூப்னாவில் உள்ள நிகா போன்றவை அடர்த்தியை நோக்கிச் செல்பவை, அவைகூட நியூட்ரான் விண்மீனின் குளிரை எட்ட முடியாது. கணினியில் போட்டுப் பார்க்கலாம் என்றாலும் வழி சுலபமில்லை. அடர்த்தி சேர்ந்தவுடன், வெளியைப் புள்ளிகளின் அடுக்காக்கிப் போடும் அணிக்கோவைக் கணக்கீட்டில் எடைகள் நேர்மறையாக இருக்க மறுக்கின்றன, நிகழ்தகவாக எண்ண முடியாமல் போகிறது.

எனக்குத் தெரிந்து கையெட்டும் தூரத்தில் இருப்பது அணுக்கருதான். எதிர்சார்ம் குவார்க்கும் ஓர் இலகுவான குவார்க்கும் சேர்ந்த எதிர் டி மீசானை அணுக்கருவுக்குள் வைத்தால், புரோட்டானும் நியூட்ரானும் கடலாக நிற்கும், மீசான் மாசாக நிற்கும். நிறத்துக்குப் பதில் ஐசோஸ்பின் மாறும், அதாவது புரோட்டான் நியூட்ரானாகும்போது மீசானும் தன் மின்னூட்டத்தை மாற்றிக்கொள்ளும். அந்த மீசானின் இலகுவான குவார்க்கோடு அழிந்துபோக அணுக்கருவில் எதிர்க்குவார்க் இல்லை என்பதால் வலுவிசை அதைத் தின்றுவிடாது. யாசுயியும் சுதோவும் 2013-லேயே இதையும் சேர்த்துத்தான் எழுதினார்கள். கணக்கின் அமைப்பு ஒன்றே. ஒரு சார்ம் அணுக்கருவை உருவாக்குவது கடினம்தான், ஆனால் நியூட்ரான் விண்மீனைத் திறந்து பார்ப்பதைவிட எளிது.

இதற்கெல்லாம் மேலாக, 2019-இல் ஹத்தோரி, ஷூகுவாங் ஹுவாங், ராபர்ட் பிசார்ஸ்கி மூவரும் எழுதியதுதான் இந்தத் துறையில் எனக்கு நம்பிக்கை தருவது. சார்ம் இல்லையே என்று அழ வேண்டாம், மாசு வெளியிலிருந்து வர வேண்டியதே இல்லை என்றார்கள். அப், டவுன் இரண்டு வகை மட்டும் ஜோடி சேரும் நிற மீகடத்தியில் மூன்று நிறங்களில் இரண்டுதான் ஜோடியில் பங்கெடுக்கும், மூன்றாவது நிறம் தனியாக விடப்படும். வழக்கத்தில் அதை நீலம் என்பார்கள். ஜோடியில் சேர்ந்தவற்றைக் கிளப்ப ஆற்றல் செலவாகும், அதனால் கிளப்பப்பட்டவை கனமான துகள்கள் மாதிரி நடந்துகொள்கின்றன. நீலக் குவார்க்குகளுக்கு ஃபெர்மி பரப்பு அப்படியே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிறம் மாற்றும் குளுவான்களும் இருக்கின்றன. நான்கு தகுதிகளும் வந்துவிட்டன. அவர்கள் எழுதிய சமன்பாடுகளில் ஆற்றலைக் குறைக்கக் குறைக்க இணைப்பு வலிமைகள் வளர்கின்றன, கோண்டோவில் வளர்வதைப் போலவே. மீகடத்தல் வந்தால் கோண்டோ செத்தது என்று மேலே எழுதினேனே, அந்தப் போட்டி வெளியிலிருந்து வந்த மாசுக்குத்தான். இங்கே மீகடத்தலே மாசைப் பெற்றுத் தருகிறது.

இதில் எனக்கு ஒரு குறிப்பான எதிர்பார்ப்பு உண்டு. அந்த நிலையில் இருக்கும் ஒரு விண்மீன் மையத்தில், ஜோடி சேர்ந்த குவார்க்குகள் இடைவெளியால் அடக்கப்பட்டிருப்பதால், எதிலும் சிக்காமல் வெளியே ஓடிவிடும் நியூட்ரினோ என்ற துகளை வெளியேற்றி விண்மீனைக் குளிர்விக்கும் வேலை பெரும்பாலும் இந்த நீலக் குவார்க்குகளின் தலையில்தான் விழுகிறது. அவற்றின் பரப்புக்கு அருகில் எதைத் தொட்டாலும் குளிரும் வேகம் மாறும். இப்போது உள்ள குளிர்வுக் கணக்குகள் பலவும் அந்த நீலக் குவார்க்குகளைக் கிட்டத்தட்டச் சுதந்திரமானவை என்றே எடுத்துக்கொள்கின்றன. கோண்டோ வளர்ச்சியைச் சேர்த்து அந்த நியூட்ரினோ வீதத்தை யாராவது முழுசாகக் கணக்கிட்டு, எக்ஸ்-கதிர் தொலைநோக்கிகள் அளந்திருக்கும் நியூட்ரான் விண்மீன் வெப்பநிலைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எண் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சரி, அந்த ஒப்பீட்டுக்காகத்தான் நான் காத்திருக்கிறேன்.